பழுப்புத் தங்கத்தின் ஊர் – 17: மடியில் இறங்கிய கம்பி

சென்ற இதழை ஒரு கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். நெய்வேலிச் சுரங்கப் பள்ளத்தின் அடியிலிருந்து லிக்னைட்டை மேட்டுக்கு ஏற்றிக்கொண்டு வரும் கன்வேயர் பெல்ட், வழியில் மின்சாரம் போய் நின்றுவிட்டால் என்ன ஆகும்? பாரம் சுமந்த பெல்ட் சும்மா நிற்காது. ஏறிய வழியே இறங்கப் பார்க்கும். இறங்கவிட்டால் அடிக்கோடியில் டன் டன்னாக நிலக்கரி சரிந்து, அங்கே நிற்கிற ஆளையும் சேர்த்து மூடிவிடும். அதனால்தான் ஏற்றத்தில் ஓடும் பெல்ட்டின் உருளை அச்சில் ஹோல்டுபேக் என்று ஒன்றை மாட்டுகிறார்கள். முன்பக்கமாக எவ்வளவு வேண்டுமானாலும் சுற்றவிடும். பின்பக்கம் ஒரு விரற்கடை திரும்பினாலும் இறுகிக்கொள்ளும். அதற்கு மின்சாரமும் தேவையில்லை, பட்டன் அழுத்த ஆளும் தேவையில்லை. கீழே இழுக்கிற பாரமே பூட்டை இறுக்கிவிடுகிறது.

ரோலர் கோஸ்டரில் ஏறியவர்களுக்கு இதன் சத்தம் தெரிந்திருக்கும். முதல் ஏற்றத்தில் பெட்டிக்கு அடியிலிருந்து ‘டக் டக் டக்’ என்று கேட்குமே, அதுதான். சங்கிலி அறுந்தால்கூட வண்டி பின்னால் உருளாதபடி ஒரு கொக்கி பல் பல்லாக ஏறிக்கொண்டிருக்கிறது. நெய்வேலி வரலாற்றில் கேளிக்கைப் பூங்காவுக்கு என்ன வேலை என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். அந்தச் சத்தம் பிறந்த இடமே ஒரு நிலக்கரிச் சுரங்கத்தின் மலைச்சரிவுதான்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலம். 1827இல் லீஹை நிலக்கரிக் கம்பெனி, சம்மிட் ஹில் என்ற மலையுச்சிச் சுரங்கத்திலிருந்து மாக் சங்க் என்ற ஆற்றங்கரை ஊர்வரை 9 மைலுக்குத் தண்டவாளம் போட்டது. எஞ்சின் கிடையாது. நிலக்கரி ஏற்றிய பெட்டிகள் சரிவில் தாமாக உருண்டு வரும். பிரேக் பிடிக்க ஓர் ஆள் தொற்றிக்கொண்டு வருவார். காலிப் பெட்டிகளை மேலே இழுத்துப் போகக் கோவேறு கழுதைகள். கழுதைகள் கீழே வந்தால்தானே மேலே இழுக்க முடியும்? அதனால் அவற்றையும் ஒரு பெட்டியில் ஏற்றி நிலக்கரிக்குப் பின்னாலேயே உருட்டிவிட்டார்கள். வண்டியில் இறங்கிப் பழகிய கழுதைகள் அதற்குப் பிறகு நடந்து இறங்க மறுத்துவிட்டன என்று ஊரில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். உலகின் முதல் கோஸ்டர் ரசிகர்கள் என்று அவற்றைச் சொன்னால் தப்பில்லை.

1840களில் கழுதைகளுக்கு ஓய்வு கிடைத்தது. பிஸ்கா மலையில் நீராவி எஞ்சின் வைத்து, காலிப் பெட்டிகளைச் செங்குத்தான ஏற்றத்தில் இழுத்தார்கள். இழுக்கிற பட்டை அறுந்தால் பெட்டி அதலபாதாளம். அதற்காகத் தண்டவாளத்தின் நடுவே பற்கள் கொண்ட இரும்புப் பாதை ஒன்றைப் பதித்து, வண்டியிலிருந்து ஒரு கொக்கி அதில் விழுந்து விழுந்து ஏறும்படி செய்தார்கள். நம் ஹோல்டுபேக்குக்கும் கோஸ்டரின் ‘டக் டக்’குக்கும் அதுதான் மூதாதை. 1872இல் சுரங்கப்பாதை வழியாக ரயில் வந்து நிலக்கரியை அது எடுத்துக்கொண்டது. மலைப்பாதையை மூடவில்லை, காசு கொடுத்து உருள வந்த கூட்டத்தை நம்பியே 1930களின் தொடக்கம்வரை ஓட்டினார்கள்.

அதைப் பார்த்து யோசனை பிறந்தவர்களில் ஒருவர் லமார்கஸ் தாம்ஸன். 1884இல் நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் மரத்தால் ஒரு பாதை கட்டி, ஆளுக்கு 5 சென்ட் வாங்கிக்கொண்டு உருளவிட்டார். வேகம் மணிக்கு 6 மைல். சைக்கிளில் அலுங்காமல் போகிறவர்கூட முந்திவிடுவார். பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்து கடலை வேடிக்கை பார்த்தபடி போனார்கள். கம்பியும் கிடையாது, பட்டையும் கிடையாது. அந்த வேகத்துக்கு அது போதும்.

போதாமல் போனது எப்போது என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கதை. மடிமேல் இறங்கும் கம்பி 1907இலேயே கோனி ஐலண்டில் வந்துவிட்டது. ஆனால் பெரிய திருப்பம் ஜான் மில்லர் என்ற பொறியாளரால் 1919இல் வந்தது. தண்டவாளத்துக்கு மேலே ஒரு சக்கரம் இருப்பது போல, அடியிலும் ஒரு சக்கரத்தை வைத்துக் காப்புரிமை வாங்கினார். மேலும் கீழும் சக்கரம் கவ்வியிருப்பதால், எவ்வளவு வேகமாக மேட்டைத் தாண்டினாலும் வண்டி பாதையை விட்டு எழும்பாது. உடனே மேடுகள் உயர்ந்தன, பள்ளங்கள் செங்குத்தாயின. வண்டி பத்திரமாகிவிட்டது. அதில் கட்டப்படாமல் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று: உள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள். வண்டியைத் தண்டவாளம் கீழே இழுக்கிறது. ஆளை யார் இழுப்பது? மேட்டின் உச்சியில் அவர் உடம்பு வந்த வேகத்திலேயே மேல்நோக்கிப் போகப் பார்க்கும். வயிற்றில் பட்டாம்பூச்சி பறக்கிறது என்று நாம் சிரிப்பது இருக்கையை விட்டு எழும்புகிற அந்த நொடியைத்தான். அந்த நொடியில் நம்மைத் திருப்பி உட்காரவைப்பது மடிக்கம்பி மட்டும்.

கம்பி எங்கே உட்கார வேண்டும் என்பதில்தான் சொகுசும் பத்திரமும் ஒன்றாகச் சேர்கின்றன. தொடையின் மேற்பகுதியில், இடுப்பு மடியும் இடத்தில் அது அமர வேண்டும். அங்கே பலமான எலும்பு இருக்கிறது. எழும்பும் உடம்பை அது தாங்கும். வயிற்றில் அமர்ந்தால் வலிக்கும்; அதோடு, வயிறு அமுங்கக்கூடியது. சாதாரணமாக உட்கார்ந்திருக்கும்போது இறுக்கமாகத் தெரியும் கம்பி, மேட்டு உச்சியில் வயிறு உள்வாங்கியதும் தளர்ந்துவிடும். நம் ஊரில் இன்னொரு சங்கதியும் உண்டு. புடவைக் கொசுவமும் மடித்த வேட்டியும் மடியில் இரண்டு அங்குலத் துணியாகக் குவிந்திருக்கும். கம்பி துணியில் உட்கார்ந்து ‘பூட்டியாச்சு’ என்று காட்டும். துணிக்கு அடியில் தொடை சுதந்திரமாக இருக்கும். வெளிநாட்டு இயந்திரத்தை இறக்குமதி செய்கிறவர்கள் இதையெல்லாம் யோசித்துப் பார்க்கிறார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

நெய்வேலிவாசிகளுக்குப் பக்கத்து உதாரணம் வேண்டுமென்றால், பங்குனி உத்திரத்துக்கு வில்லுடையான்பட்டு முருகன் கோயிலுக்குப் போகலாம். டவுன்ஷிப்பின் அத்தனை பிளாக்கும் சுற்றுவட்டக் கிராமங்களும் காவடியோடு கூடும் நாள் அது. காவடிக் கூட்டமும் வளையல் கடையும் ராட்டினமும் இல்லாத திருவிழா நம் பக்கத்தில் ஏது? இத்தகைய திருவிழா ராட்டினங்களின் தொட்டியில் ஏறி உட்கார்ந்ததும் குறுக்கே விழும் கம்பியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒரு முனையில் கீல். மறுமுனையில் ஓட்டை, அதில் செருக வேண்டிய ஆணி ஒரு சிறு சங்கிலியில் தொங்கும். கை பிடித்துப் பிடித்துப் பெயின்ட் போய், நடுப்பகுதி மட்டும் வெள்ளிபோல மின்னும். சில தொட்டிகளில் ஆணி காணாமல் போய், அந்த இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கிவிட்டிருப்பார்கள். அப்பாவும் ஐந்து வயதுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால், கம்பி அப்பாவின் தொப்பையில் நிற்கும். பிள்ளையின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே இன்னொரு பிள்ளை நுழையலாம். ‘கெட்டியாப் பிடிச்சிக்கோ கண்ணு’ என்பதுதான் அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்கும் பாதுகாப்புச் சாதனம்.

மெதுவாகச் சுற்றும் ராட்டினத்துக்கு இது பெரும்பாலும் ஒப்பேறிவிடும். வேகமான கோஸ்டருக்கு ஒப்பேறாது என்று தெரிந்துகொள்ள மேல்நாட்டாருக்கும் பல பத்தாண்டுகள் பிடித்தன. இரண்டு பேருக்கு ஒரே கம்பி என்ற ஏற்பாடு போய் ஆளுக்கொரு கம்பி வந்தது. பல் பல்லாக இறங்கிப் பூட்டும் கம்பியில், இரண்டு பல்லுக்கு நடுவே நிற்க முடியாது. ஒன்று தளர்வாக இருக்கும், இல்லையென்றால் நசுக்கும். பிறகு எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் பூட்டு வந்தபின், உடம்பு எங்கே நிற்கிறதோ அங்கேயே கம்பியும் நின்றது.

தலைகீழாகச் சுற்றும் கதை தனி. 1895இல் கோனி ஐலண்டில் முழு வட்டமாக ஒரு சுற்றுப் பாதை கட்டினார்கள். வட்டத்துக்குள் நுழையும் நொடியில் உடம்பின் எடை பல மடங்காகி, இறங்கியவர்கள் கழுத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதைச் சரிசெய்த கணக்கு ஜெர்மனியிலிருந்து வந்தது. 1976இல் கலிபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் ரெவல்யூஷன் என்ற கோஸ்டரை அன்டன் ஷ்வார்ஸ்கோஃப் கட்டினார். கணக்குப் போட்டவர் வெர்னர் ஸ்டெங்கல். ஸ்டெங்கல் பிறந்த போஹும் (Bochum) நகரம் ரூர் நிலக்கரிப் பிரதேசத்தின் நடுவே இருக்கிறது. நெய்வேலிப் பள்ளத்தில் மண்ணை வாரும் பக்கெட் வீல் இயந்திரங்களும் ஜெர்மன்காரர்களின் கைவேலைதான் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். ஸ்டெங்கல் வட்டத்தைக் கைவிட்டு, மேலே குறுகியும் கீழே அகன்றும் இருக்கும் ஒரு வளைவைப் போட்டார். தலைகீழாக நிற்கும்போதும் உடம்பு இருக்கையோடு அழுத்தப்பட்டே இருக்கும். அதனால் ரெவல்யூஷனுக்கு வெறும் மடிக்கம்பியே போதுமானதாக இருந்தது.

பின்னாளில் அந்த வண்டியில் தோள்வழியே இறங்கும் கனமான பிடிகளையும் மாட்டினார்கள். தலைகீழாகப் போகிற வண்டிக்கு மடிக்கம்பி மட்டும் போதுமா என்று பார்க்கிறவர்களுக்குப் பயம் வந்திருக்கும். விளைவு, வண்டி குலுங்கும்போதெல்லாம் இரண்டு காதும் அந்தப் பிடியில் மோதின. ஆண்டுக்கணக்கில் ரசிகர்கள் முணுமுணுத்தபின், 40ஆம் ஆண்டான 2016இல் தோள்பிடியைக் கழற்றி எறிந்து மறுபடி மடிக்கம்பியையே வைத்தார்கள். பாதையின் வளைவைச் சரியாகப் போட்டால் ஆளைக் குறைவாகக் கட்டினால் போதும். வளைவில் கோட்டைவிட்டால் எவ்வளவு கட்டினாலும் உடம்பு வலிக்கத்தான் செய்யும். பாதுகாப்பு என்றால் கூட ஒரு பட்டை, கூட ஒரு இரும்பு என்று நினைக்கும் நிர்வாகிகள் இந்தக் கதையை ஒருமுறை படிக்கலாம்.

இதே பாடத்தை நம் அனல்மின் நிலையங்கள் வேறு வழியில் படித்தன. பாய்லர் உயரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு முதலில் கொடுக்கப்பட்டது இடுப்பில் கட்டும் சேஃப்டி பெல்ட். விழுந்தால் கயிறு பிடித்துக்கொள்ளும். ஆனால் விழுந்த வேகம் முழுவதும் ஒரே ஒரு பட்டையில், வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். உயிர் பிழைத்து முதுகு போனவர்கள் எல்லாத் தொழிற்பேட்டையிலும் உண்டு. அதனால்தான் தொடை, தோள், மார்பு என்று பாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் முழு உடல் ஹார்னஸ் வந்தது. அதிலும் சிக்கல். சித்திரை வெயிலில், பாய்லர் சூட்டில், வியர்வையோடு அதைப் போட்டுக்கொண்டு எட்டு மணி நேர ஷிப்ட் பார்ப்பது லேசான காரியமா? தொடைப்பட்டையைத் தளர்த்திக்கொள்வார்கள். கொக்கியை மாட்டாமல் தோளில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். ‘பெல்ட் போட்டிருந்தார், கொக்கி மாட்டலை’ என்ற வாசகத்தைக் கேட்காத சூப்பர்வைசர் இருக்க முடியாது. இதில் தொழிலாளியின் அலட்சியத்தை மட்டும் பார்க்கிறவர்கள் பாதிக் கதையைத்தான் பார்க்கிறார்கள். உறுத்துகிற பட்டையை மனிதன் எப்படியாவது தளர்த்துவான். அதைத் தைக்கிறவருக்கு இது முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

ஆளின் மனசை நம்பாமல் இயந்திரத்தையே நிற்கவைப்பதற்குச் சுரங்கத்தில் பெயர் இன்டர்லாக். கன்வேயர் நெடுகிலும் ஒரு கயிறு ஓடுகிறதே, புல் கார்டு, அதை எவர் எங்கே இழுத்தாலும் பெல்ட் நின்றுவிடும். இழுத்த இடத்துக்கு ஒருவர் நடந்து போய்ப் பார்த்து ஸ்விட்சைப் பழைய நிலைக்குக் கொண்டுவராமல் மறுபடி ஓடாது. கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தபடி ‘பரவாயில்லை, ஓட்டு’ என்று சொல்லிவிட முடியாது என்பதுதான் அதன் மதிப்பு. நல்ல கோஸ்டரிலும் இதுவே விதி. ஒரே ஓர் இருக்கையின் பிடி சரியான கோணத்துக்கு இறங்காவிட்டாலும் வண்டி கிளம்பாது.

அந்த விதியைக் கையால் வளைத்தால் என்ன ஆகும் என்பதை 2022 மார்ச்சில் அமெரிக்காவின் ஆர்லாண்டோ காட்டியது. உயரத்திலிருந்து விழும் ஒரு கோபுர விளையாட்டில், 14 வயதுச் சிறுவன் ஒருவன் இருக்கையிலிருந்து நழுவி விழுந்து இறந்தான். கனத்த உடம்பு, பிடி முழுதாக இறங்கவில்லை. இறங்காவிட்டால் சிவப்பு விளக்கு எரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இருக்கையின் சென்ஸார், அகலமான இடைவெளியையும் ஏற்றுக்கொள்ளும்படி முன்கூட்டியே மாற்றப்பட்டிருந்தது என்று விசாரணையில் தெரிந்தது. பச்சை விளக்கு எரிந்தது, வண்டி கிளம்பியது. பிடியை இருக்கையோடு இணைக்கும் சாதாரண பெல்ட்கூட அதில் இல்லை. 2011இல் நியூயார்க் மாநிலத்தில் ஒரு கோஸ்டரில், போரில் இரு கால்களையும் இழந்த ராணுவ வீரர் ஒருவர் தூக்கி எறியப்பட்டு இறந்திருந்தார். மடிக்கம்பி தொடையை நம்பிச் செய்யப்பட்டது. அவருக்குக் கம்பி பிடிக்கும் அளவுக்குத் தொடை இல்லை. உடம்புகள் பலவிதம் என்பதை மறந்த வடிவமைப்பு, பூட்டு எவ்வளவு பலமாக இருந்தாலும் பாதியில் கைவிட்டுவிடும்.

இனி நம் பக்கம். நெய்வேலியில் மண் தோண்டத் தொடங்கிய 1957ஆம் ஆண்டிலேயே நிலக்கரிச் சுரங்க ஒழுங்குமுறை விதிகளும் வந்தன. அதற்கு மேலே 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் இருந்தது. கண்காணிக்கத் தன்பாத்தில் சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம். எந்தக் கயிற்றை எத்தனை நாளைக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், பார்த்தவர் எந்தப் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும், அவர் என்ன சர்டிபிகேட் வைத்திருக்க வேண்டும் என்பதுவரை எழுதி வைத்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 2020இல் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் இரண்டு மாதத்துக்குள் இரண்டு பாய்லர் விபத்துகள் நடந்தன என்பதையும் இந்த ஊர் மறக்கவில்லை. சட்டம் மட்டுமே காப்பாற்றிவிடாது. ஆனால் சட்டமும் இல்லாத இடத்தில்?

கேளிக்கை விளையாட்டுகளுக்குச் சுரங்கச் சட்டம் போல நாடு முழுமைக்குமான தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. தர நிர்ணய அமைப்பின் விதிகள் உண்டு. உள்ளூர் நிர்வாகம், போலீஸ், தீயணைப்பு என்று அனுமதிகள் உண்டு. திருவிழா முடிந்து லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போகும் ராட்டினத்தின் ஆணியை யார் எண்ணிப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அமெரிக்காவில் 1978இலேயே தர நிர்ணயத்துக்கென்று ஒரு குழு அமைத்து, பின்னாளில் உடம்பை எந்தத் திசையில் எவ்வளவு விசை இழுக்கிறதோ அதற்கேற்பப் பிடிகளை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்புக்குப் பிடியே வேண்டாம். ஐந்தாம் வகுப்புக்கு ஒரு பூட்டு தோற்றாலும் இன்னொன்று தாங்க வேண்டும். பூட்டியதை இயந்திரமே சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் பூங்காக்கள் வந்த வரிசையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம்., 1995இல் தாம்பரம் பக்கம் நவோதயா அப்பச்சனின் கிஷ்கிந்தா. மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். நெய்வேலிப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குச் சுற்றுலா பஸ் என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான். விபத்துகளும் இந்தப் பட்டியலோடு சேர்ந்தே வந்தன. 2016 மே மாதம் தாம்பரத்தை ஒட்டிய பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ஊழியர் ஒருவர் இறந்தார். 2025 ஏப்ரலில் டெல்லியில், கோஸ்டரிலிருந்து விழுந்து ஓர் இளம்பெண் இறந்தார்.

அதற்கு அடுத்த மாதம் சென்னையில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அதில் யாரும் சாகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பூங்காவின் ராட்சத ராட்டினம் ஒன்று உயரத்தில் அப்படியே நின்றுவிட்டது. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள், குழந்தைகள் உட்பட, மணிக்கணக்கில் மேலே மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புத் துறையின் ஸ்கைலிஃப்ட் வந்து ஒவ்வொருவராக இறக்கியது. மின்சாரமோ மோட்டாரோ கைவிட்டாலும் பூட்டு திறக்காமல் மூடியபடியே நிற்க வேண்டும் என்பது கோஸ்டர்க்காரர்களும் ஹோல்டுபேக் செய்தவரும் ஒத்துக்கொள்ளும் விதி. அங்கே ஒருவரும் கீழே விழவில்லை. ஆனால் மூன்று நிமிட விளையாட்டுக்காகச் செய்த பிடியில் மணிக்கணக்கில் உட்கார நேர்ந்தால் தொடை மரத்துப்போகும், குழந்தை நெளிய ஆரம்பிக்கும், நெளிகிற குழந்தையைச் சமாளிக்க அம்மா தன் பிடியைத் தளர்த்தப் பார்ப்பாள். அந்த நேரத்தில் இருக்கையின் மெத்தைதான் பூட்டுக்குப் பாதுகாப்பு.

2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்தபோது, ‘தஞ்சோரா’ என்ற பெயரில் சுவிட்சர்லாந்தின் போலிகர்–மாபியார் கம்பெனி செய்த கோஸ்டரும் வந்தது. தண்டவாளம் தலைக்கு மேலே. இருக்கை அதிலிருந்து தொங்கும். காலுக்குக் கீழே தரை கிடையாது. இந்த ரகத்தை அவர்கள் 1992இல் அமெரிக்காவில் முதன்முதலாக ஓட்டினார்கள். அந்த வண்டிகளில் தோள்வழியே இறங்கும் மெத்தைப் பிடி ஒன்று. அது தோற்றால் தாங்க, பிடியின் அடிமுனையை இருக்கையோடு சேர்க்கும் ஒரு சிறு பெல்ட். அந்தப் பெல்ட்டின் நீளத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பக்கிளில் எட்டி மாட்டினால் பிடி போதுமான அளவு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். எட்டவில்லை என்றால் இயக்குபவரிடம் வாதாடிப் பயனில்லை. எழுந்து வெளியே வர வேண்டியதுதான். சென்ஸாரைத் திருகி இடைவெளியை மாற்றலாம். ஒரு சாண் பட்டையை இரண்டு சாணாக யாராலும் இழுக்க முடியாது.

(தொடரும். அடுத்த இதழில்: பள்ளத்தின் அடியில் இரவும் பகலும் ஓடும் பம்புகள்.)